பூஸ்ட் கன்ட்ரோலர் தேர்வு: உங்களால் மறக்க முடியாத அந்த ஓர் ஓட்டம்

மூன்றாம்கியர் எழுதியது:

என்னுடையது டர்போ வண்டி. டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட்; அது அளவு மீறாதபடி புகையை டர்போவுக்குப் போகவிடாமல் ஒதுக்கி விடும் மடல்தான் வேஸ்ட்கேட். அதன் ஸ்பிரிங் 0.5 பார். அதைவிட அதிகப் பூஸ்ட் வேண்டும் என்று, பந்தும் ஸ்பிரிங்கும் உள்ள கைத்திருகுக் கன்ட்ரோலர் போட்டு 0.9-இல் வைத்திருந்தேன். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. நேரே அந்த இரவுக்கு வருகிறேன்.

ஏற்றம், மூன்றாவது கியர், ஆக்ஸிலேட்டர் முழுதாக அழுத்தியிருக்கிறேன். பூஸ்ட் மீட்டர் முள் 0.9-ஐத் தொட்டது. வழக்கமாக அங்கே லேசாக நடுங்கி நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. 1.0, 1.1, 1.2. வண்டி அதுவரை இழுக்காத இழுப்பு இழுத்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது. காலை எடுப்பதற்குள் முள் 1.4-ஐத் தாண்டிவிட்டது. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை.

பானெட்டைத் திறந்தேன். காற்றழுத்தம் வந்தால் வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய சிலிக்கோன் ஹோஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கிளாம்ப் போடவில்லை. நுனியில் எண்ணெய்ப் பசை. விரலால் தொட்டால் வழுக்கியது. நான்காவது பிஸ்டனில் இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள விளிம்பு உடைந்திருந்தது. பூஸ்ட் அளவு மீறினால் பெட்ரோலை நிறுத்தும் எரிபொருள் துண்டிப்பு ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அது 0.8-லேயே குறுக்கிடுகிறது என்று, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் சிக்னலை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாமல் பிடித்துவைக்கும் சிறு பெட்டியை நானே மாட்டியிருந்தேன்.

எஞ்சின் மறுபடி கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. இந்த முறை எலெக்ட்ரானிக் போடுவதா, கைத்திருகே போதுமா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

பனிக்காலை எழுதியது:

என்னுடையது அதைவிட எளிய வகை, வெறும் கசிவு வால்வு. ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றில் ஒரு பகுதியை வெளியே விட்டு ஏமாற்றும், அவ்வளவுதான். வெயில் கொளுத்திய மதியத்தில் 0.8 வைத்தேன். சில வாரம் கழித்து, குளிர்ந்த விடியற்காலையில் அதே சாலையில் 0.95 காட்டியது. யாரும் திருகைத் தொடவில்லை. சாலையோரம் நிறுத்தி, விரல் மரத்துப்போன குளிரில் திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, மறுபடி திருப்பி... அந்த ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டது. பூஸ்ட் எழும்புவதும் சோம்பலாகவே இருந்தது. குறி வைத்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே வேஸ்ட்கேட் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் தொடங்கிவிடுகிறது. கழற்றிவிட்டேன்.

அளவுகோல் எழுதியது:

மூன்றாம்கியர், வருத்தமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது. எஞ்சினை உடைத்தது கைத்திருகு அல்ல, அந்தச் சிறு பெட்டி. மேப் சென்சார் சொல்வதை வைத்துத்தான் உங்கள் ஈசியு (எஞ்சினை ஆளும் கணினி) பெட்ரோலைக் கணக்கிடுகிறது. நீங்கள் அதன் வாயைக் கட்டிவிட்டீர்கள். உள்ளே 1.4 பார் காற்று, பெட்ரோல் மட்டும் 0.8 பாருக்கு உரிய அளவு. கலவை வறண்டது, நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்தது. எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் போட்டிருந்தாலும் அந்த ஹோஸ் கழன்றால் இதே கதைதான். ஆக்சுவேட்டருக்குக் காற்றே போகாதபோது எந்தக் கன்ட்ரோலர் என்ன செய்யும்?

என் அனுபவம் சிறியது. மூன்று வாய் சொலினாய்டு (எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் மின்வால்வு), நான்கு ஆண்டு, ஒரே ஒரு முறை வடிகட்டி அடைத்தது, தீர்ந்தது.

ஆனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். அழுத்தம் எடுக்கும் குழாயைக் கம்ப்ரஸர் வாயிலிருந்தே எடுங்கள். இன்டேக் மேனிஃபோல்டில், காலை எடுத்ததும் மிகுந்த காற்றை வெளியே விடும் புளோ ஆஃப் வால்வுக்குப் போகும் குழாயில் டி இணைப்பு போட்டு எடுக்காதீர்கள். அங்கே வெற்றிடமும் மாறி மாறி வரும், சிக்னலும் தாமதமாகும். ஹோஸ் நீளம் குறையக் குறைய நல்லது. நீண்ட ஹோஸ் நிரம்பும் நேரத்தில் பூஸ்ட் குறியைத் தாண்டிக் குதித்துவிடும். இரண்டு முனையிலும் கிளாம்ப். மாட்டும்போது வழுக்குவதற்கு எண்ணெய் தடவாதீர்கள். உங்கள் ஹோஸ் நுனியில் பசை என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. பந்து வகை என்றால் பந்துக்கும் ஆக்சுவேட்டருக்கும் இடையே ஊசித் துளை ஒன்று இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அது இல்லாவிட்டால், காலை எடுத்த பிறகும் ஆக்சுவேட்டரில் காற்று சிக்கிக்கொள்ளும், வேஸ்ட்கேட் மூடாது, அடுத்த கியரில் வண்டி செத்ததுபோல் கிடக்கும்.

இன்னொன்று. மேப் சென்சார் 2 பார் வரை அளக்கும் என்று எழுதியிருந்தால், அது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த கணக்கு. பூஸ்ட்டில் 1 பாருக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. கண் தெரியாத சென்சாரை நம்பி எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு வாங்குவது வீண். முதலில் சென்சார், பிறகு டியூனிங், அதன்பிறகுதான் கன்ட்ரோலர்.

தெற்குக்காற்று எழுதியது:

அளவுகோல் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். எந்த முறை என்பதும் முக்கியம்தான், ஏனென்றால் ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் விதம் வேறு.

எனக்கு மூன்று வாய் சொலினாய்டை மாட்டியவர் இரண்டு குழாய்களை இடம் மாற்றிவிட்டார். முறைப்படி மாட்டினால், மின்சாரம் இல்லாதபோது கம்ப்ரஸர் காற்று நேரே ஆக்சுவேட்டருக்குப் போகும்; பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கும். என்னுடையதில் மின்சாரம் இல்லாதபோது ஆக்சுவேட்டர் வெளிக்காற்றோடு இணைந்துகொள்ளும். வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது. டியூன் செய்தவர் டைனோவில் (வண்டியை நிறுத்திவைத்தே ஓட்டி அளக்கும் மேடை), டியூட்டி (சொலினாய்டுக்கு மின்சாரம் போகும் நேரத்தின் விகிதம்) கூடக் கூடப் பூஸ்ட் குறைவதைக் கவனித்திருக்கிறார். குழாயைத் திருத்தாமல் ஈசியுவில் அட்டவணையைத் தலைகீழாக எழுதிவிட்டார். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது.

ஒரு நாள் மழையில் சொலினாய்டின் கனெக்டர் நழுவிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது சொலினாய்டு விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை திறந்து மூடும். அந்த மெல்லிய டிக் டிக் பானெட்டுக்கு அடியிலிருந்து எனக்குக் கேட்கும். அன்று கேட்கவில்லை. அதைக் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை. நான்காவது கியரில் முடுக்கியபோது சுவரில் மோதியதுபோல் வண்டி ஒரு வெட்டு வெட்டியது. எரிபொருள் துண்டிப்பு. சீட் பெல்ட் தோளில் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது. அந்தத் துண்டிப்புதான் என் எஞ்சினைக் காப்பாற்றியது.

அன்றிலிருந்து யார் வண்டியில் சொலினாய்டு இருந்தாலும் ஒன்றைத்தான் கேட்கிறேன்: கனெக்டரைப் பிடுங்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்த்தீர்களா? ஸ்பிரிங் அளவைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள்.

வெள்ளிச்சக்கரம் எழுதியது:

எனக்குக் கன்ட்ரோலரால் எந்தத் தொல்லையும் இல்லை, அதைப் புரிந்துகொள்ளத்தான் ஓர் ஆண்டு ஆனது. எக்ஸாஸ்ட்டை அகலமாக மாற்றிய பிறகு பூஸ்ட் 3,000 சுற்றில் 0.7, 6,000 சுற்றில் 1.1. கைத்திருகு சரியில்லை என்று எலெக்ட்ரானிக் வாங்கினேன். அதே 1.1. அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன், அதே 1.1. கடைசியில் கன்ட்ரோலரையே எடுத்துவிட்டு ஹோஸை ஆக்சுவேட்டருக்கு நேராக இணைத்தேன். அப்போதும் 1.1.

டர்போவைக் கழற்றி மேசை மேல் வைத்து வேஸ்ட்கேட் மடலைத் தூக்கினால், கீழே இருந்த துளையில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. எக்ஸாஸ்ட் தாராளமாகிவிட்டது, டர்பைனை ஒதுக்கிப் போக வேண்டிய புகைக்கு வழி அவ்வளவுதான். வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்திருந்தும் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மடல் மூடும் விளிம்பு கெடாதபடி துளையைப் பெரிதாக்கி, உள்பக்கம் சரிவாக அராவியதும் 0.75-இல் நின்றது. ஆகவே, மூன்றாம்கியர், கன்ட்ரோலர் இல்லாமல் ஒருமுறை ஓட்டி முள்ளைப் பாருங்கள். சுற்று ஏற ஏற முள்ளும் ஏறினால் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பழையபட்டறை எழுதியது:

எலெக்ட்ரானிக் என்றதும் ஏதோ நேற்று வந்த ஆடம்பரம்போல் பேசுகிறோம். 1962-இல் வந்த செவ்ரோலே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடரில் வேஸ்ட்கேட்டே கிடையாது. எக்ஸாஸ்ட்டின் எதிர் அழுத்தமும் கார்புரேட்டரின் குறுகலும்தான் பூஸ்ட்டைப் பிடித்துவைத்தன. இருபது ஆண்டு கழித்து, சாப் 900 டர்போவில் ஏபிசி என்ற அமைப்பு வந்தது. நாக்கிங்கைக் காதுகொடுத்துக் கேட்கும் சென்சார், அது சொன்னால் பூஸ்ட்டைக் குறைக்கும் சொலினாய்டு. நான் கையில் எடுத்துப் பழகிய முதல் டர்போ வண்டி அதுதான். தரம் குறைந்த பெட்ரோல் ஊற்றி ஓட்டிய அன்று, முள் வழக்கமான இடத்துக்குப் போகாமல் பாதியிலேயே தயங்கி நின்றதைப் பார்த்தேன். வண்டி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். அது தன்னைக் காத்துக்கொண்டிருந்தது.

அளவுகோல் ஐயாவோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. மூன்றாம்கியர் கேட்டது நியாயமான கேள்வி. 0.9 பார் மட்டும் போதும், கியருக்கு ஒரு பூஸ்ட் வேண்டாம் என்றால் பந்து வகையே போதும். பந்து, குறித்த அழுத்தம் வரும்வரை வழியை அடைத்து நிற்பதால் பூஸ்ட் சுறுசுறுப்பாக எழும்பும். ஆனால் அதற்கு நாக்கிங் கேட்காது. சொலினாய்டு ஈசியுவோடு இணைந்திருந்தால் கேட்கும், இறங்கும். மூன்று வாய் சொலினாய்டில் ஸ்பிரிங் அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரைதான் ஒழுங்காகக் கட்டுப்படுத்த முடியும், உங்கள் 0.5-க்கு 0.9 என்பது எல்லைக்குப் பக்கத்தில். 0.6 அல்லது 0.7 ஸ்பிரிங் போட்டால் நிம்மதி. எதைப் போட்டாலும் அந்தச் சிறு பெட்டியைத் திரும்ப மாட்டாதீர்கள்.

மூன்றாம்கியர் எழுதியது:

பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன். அளவுகோல் ஐயா, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஹோஸ் ஏற மறுத்தது என்று நுனியில் எஞ்சின் ஆயில் தடவியவன் நான்தான். அதை முதல் பதிவில் எழுதக் கை வரவில்லை.

0.7 ஸ்பிரிங் போட்டாயிற்று. நேற்று மாலை கைப் பம்பையும் அழுத்தமானியையும் ஆக்சுவேட்டரில் இணைத்து, மெதுவாக அடித்துக்கொண்டே தண்டைப் பார்த்தேன். 0.6 வரை அசையவில்லை. 0.7-க்குச் சற்று முன்னால் ஒரு மயிரிழை நகர்ந்தது, பிறகு முழுதாக நீண்டது. பம்பை விட்டதும் டக்கென்று திரும்பிவந்தது. இருபது தடவையாவது அடித்துப் பார்த்திருப்பேன்.

சொலினாய்டு பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஸ்பிரிங்கில் மட்டும் ஓட்டப் போகிறேன். வெள்ளிச்சக்கரம், அதற்குள் சுற்றோடு முள் ஏறுகிறதா என்று பார்த்து இங்கே எழுதுகிறேன்.