மஞ்சப்பையை 7,100 முறை தூக்க வேண்டுமாம்!

தூக்குவாளி: எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "மஞ்சப்பை வெறும் சீன். ஒரு பருத்திப் பையை 7,100 முறை தூக்கினால்தான் சுற்றுச்சூழல் பாதிப்பில் பிளாஸ்டிக் பைக்கு ஈடு" என்று போட்டிருக்கிறார். அதற்கு நாற்பது பேர் கட்டைவிரல்! டேனியல் மில்லர் என்ற மானுடவியலாளர் வடக்கு லண்டனில் ஒரு தெருக்காரர்களோடு கடை கடையாகச் சுற்றி, 1998இல் புத்தகமே போட்டார். அன்றாடச் சாமான் வாங்குவதில் இருப்பது வீட்டார் மேலுள்ள பாசமும் சிக்கனமும் என்றார். அம்மா பையை மடித்து வைப்பதும் அப்படித்தானே? அதற்கு எதற்குக் கணக்கு?

கணக்குப்பிள்ளை: அந்த ஒருவர் நான்தான். 7,100 என் கற்பனை இல்லை, டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட அறிக்கை. தினம் ஒரு முறை தூக்கினாலும் 19 வருடத்துக்கு மேல். உங்கள் அம்மாவின் பை தாங்குமா?

மயிலை மாமி: எங்கள் வீட்டில் இருப்பது 1994 கல்யாணத் தாம்பூலப் பை. இன்றைக்கும் அதில்தான் கீரை வந்தது.

கணக்குப்பிள்ளை: 7,100 முறை ஆயிற்றா மாமி? எண்ணினீர்களா?

வேளச்சேரிக்காரன்: சார், அதே அறிக்கையில் பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால் 52 முறைதான். ஓசோன் படலம் உட்பட எல்லாப் பாதிப்புகளையும் பார்த்தால்தான் 7,100. தெருவில் விழும் பையை அதில் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது டென்மார்க். இங்கே பை கால்வாயில் விழுந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வரை மிதக்கும். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அடைத்துக்கொண்டது மஞ்சப்பையா?

கணக்குப்பிள்ளை: வெள்ளக் கதை வேண்டாம். அறிக்கையில் 7,100 இருக்கிறதா, இல்லையா?





மயிலை மாமி: 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. எங்கள் தெருமுனைக் கடையில் இன்னும் சாம்பாரை பிளாஸ்டிக் கவரில்தான் கட்டுகிறார்கள். பாத்திரம் நீட்டினால் "அளவு தெரியாது மாமி" என்று பதில்.

கணக்குப்பிள்ளை: மயிலாப்பூர் புராணம் ஆரம்பம்.

கொடுங்கையூரான்: ஊர்க் குப்பை வந்து விழும் மேட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. தீப்பிடித்தால் எரிவது பருத்தியா பிளாஸ்டிக்கா என்று மூக்கே சொல்லிவிடும். ஒரு நாள் வந்து பாருங்கள்.

கணக்குப்பிள்ளை: மூக்கு ஆதாரம் ஆகாது தம்பி. 7,100க்குப் பதில்?

தூக்குவாளி: நான் கேட்டது மில்லரைப் பற்றி. கடைக்குப் போனால் வீட்டு அக்கறைதான் முந்தும், உலகம் அப்புறம்தான் என்று அவர்...

கணக்குப்பிள்ளை: உங்கள் மில்லர் பை எண்ணினாரா?

மயிலை மாமி: இவர் எண்ணினாரா என்று முதலில் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை: டென்மார்க் எண்ணியிருக்கிறது மாமி. 7,100.

வேளச்சேரிக்காரன்: 52.