ஊட்டிக் குளிர்: கோழிக்கூட்டில் விடிய விடிய பல்பு எரியவிடலாமா?

தலைகுந்தா_தோட்டம்:
ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் வீட்டுக்குப் பின்னால் 12 கோழி வளர்க்கிறேன். அக்டோபர் வரை தினம் 8, 9 முட்டை. உறைபனி விழ ஆரம்பித்ததும் 3 ஆகிவிட்டது. கூட்டின் சந்துபொந்தெல்லாம் சாக்கு வைத்து அடைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க 100 வாட் குண்டு பல்பு போடலாமா?

முட்டைப்பண்ணை:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. முட்டை நிற்காமலிருக்க ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். நாமக்கல் பண்ணைகளிலும் விளக்குப் போட்டுத்தான் இதைச் சரிக்கட்டுகிறார்கள். பல்பின் சூட்டில் குளிரும் அடங்கும்.

கோத்தகிரி_அக்கா:
வெளிச்சம் வேறு, சூடு வேறு அண்ணா. விடிய விடிய எரிந்தால் கோழி எப்போது தூங்கும்? லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்தான், அங்கே விளக்கில்லாமல் முட்டை நிற்பது சரி. ஊட்டியில் மிகக் குறுகிய பகலே கிட்டத்தட்ட 11½ மணி நேரம். ஜூனைவிட ஒன்றரை மணி நேரம்கூடக் குறையவில்லை. 9 முட்டை 3 ஆனதற்கு இருட்டு மட்டும் காரணமாக இருக்காது. தம்பி, கோழிக்கு என்ன வயது? இறகு கொட்டுகிறதா?

தலைகுந்தா_தோட்டம்:
ஒன்றரை வயது அக்கா. கழுத்திலும் முதுகிலும் கொட்டுகிறது.

கோத்தகிரி_அக்கா:
அதுதான் விஷயம். இறகு முழுக்கப் புரதம். புது இறகு முளைக்கும்வரை முட்டைக்கு உடம்பில் மிச்சமிருக்காது. தீனியில் கருவாட்டுத் தூள் சேர்த்து இரண்டு மாதம் விடுங்கள். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரி, இறகைச் சிலுப்பிக்கொண்டு குளிரைத் தாங்கிவிடும்.

முட்டைப்பண்ணை:
இறகே கொட்டிய கோழி எதைச் சிலுப்பும் அக்கா? தலைகுந்தாப் பனியில் அதை அப்படியே விடுவது பாவம்.

கோத்தகிரி_அக்கா:
நியாயமான கேள்வி. தரையில் அரையடி உயரத்துக்கு மரத்தூளோ உமியோ போடுங்கள். உட்காரும் கட்டைமேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. ஆனால் கூரைக்குக் கீழே காற்றுப்போக்கு வேண்டும். எச்சத்தின் ஈரமும் அமோனியா நெடியும் உள்ளேயே நின்றால் சளி பிடிக்கும், ஈரக் காற்றில் கொண்டையும் பனியில் கருகும். நான் பல்புக்கு எதிராகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் என் கூட்டில் பல்பு அறுந்து உமியில் விழுந்தது. காலையில் 4 கோழிகளைக் கருகிய நிலையில்தான் எடுத்தேன்.

முட்டைப்பண்ணை:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. சரி, சூட்டு பல்பு வேண்டாம். வெளிச்சத்தை மட்டும் நான் விடமாட்டேன். டைமர் வைத்து விடிகாலை 4 மணிக்கு 9 வாட் எல்இடி எரியவிடுகிறேன், மூன்றாவது வாரத்திலேயே முட்டை கூடியது. சாயங்காலம் போட்டால் திடீரென்று அணையும்போது கோழி கட்டை ஏற முடியாமல் இருட்டில் தடுமாறும்.

கோத்தகிரி_அக்கா:
இளம் பெட்டைகளுக்குப் போடுங்கள், மறுக்கவில்லை. இறகு கொட்டுகிறதை அவசரப்படுத்த வேண்டாம் என்கிறேன்.

முட்டைப்பண்ணை:
இரண்டு மாதத் தீனிச் செலவு சும்மாவா அக்கா?

தலைகுந்தா_தோட்டம்:
காலையில் போய்ப் பார்த்தேன். கூரைத் தகட்டின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்திருக்கிறது, சாக்கு சொதசொதவென்று இருக்கிறது. மேல்பக்கச் சாக்கை எடுத்துவிட்டேன். பக்கத்துக் கூண்டில் ஐந்து நாள் குஞ்சுகள் 8 இருக்கின்றன, அவற்றுக்கும் பல்பு கூடாதா?

கோத்தகிரி_அக்கா:
குஞ்சுக்குக் கட்டாயம் வேண்டும் தம்பி! முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள், கீழே கம்பிவலை போடுங்கள்.

முட்டைப்பண்ணை:
இதில் அக்கா சொல்வதுதான் சரி. இன்றைக்கே கட்டிவிடுங்கள்.