அடிக்கவில்லை, ஆனாலும் உடம்பு விழுந்தது

தென்காசிப் பெண்

கல்யாணமான அடுத்த வருஷமே வயிற்று எரிச்சல் தொடங்கிவிட்டது. 'கேஸ் டிரபுள்' என்று மாத்திரை கொடுத்தார்கள். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், தைராய்டு எல்லாம் நார்மல். முடி கொட்டியது, மாதவிலக்கு தாறுமாறானது, விடிய விடிய விழித்துக் கிடந்தேன்.

வீட்டுக்காரர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அம்மாவும் அதையேதான் சொல்வாள்: "குடிக்கல, அடிக்கல, வேற என்னட்டி வேணும் ஒனக்கு?" ஆனால் தட்டை முன்னால் வைத்ததும் ஆரம்பிப்பார். உப்பில் தொடங்கி, அப்பா போட்ட நகைக்குப் போய், குழந்தை இல்லாததில் வந்து நிற்பார். நாலு பேர் முன்னால் என்றால் இன்னும் கூடும். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் வாரக்கணக்கில் முகம் பார்க்க மாட்டார். தெருமுனையில் அவர் பைக் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு இறுகிவிடும்.

தம்பி கல்யாணத்துக்காக அம்மா வீட்டில் தங்கினபோது புளிக்குழம்பும் மிளகாய்ப்பொடியும் மாத்திரை இல்லாமலே செரித்தது. அதைச் சொன்னதும் புதிதாகப் பார்த்த டாக்டரம்மா, "யார் பக்கத்துல இருக்கும்போது வலிக்குது?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

செவிலியர், மதுரைப் பக்கம்

அக்கா, உங்களை மாதிரி நிறையப் பேர் எங்கள் ஓ.பி.க்கு வருகிறார்கள். தலைவலி, கழுத்துவலி, படபடப்பு, மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர். அடிபட்டு வந்தால் காயத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதுவோம். சொல்லால் பட்டதை எங்கே எழுதுவது?

வலி கற்பனை இல்லை. பயந்தால் உடம்பு அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்களைச் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், செரிமானம் மட்டுப்படும், தசை இறுகும். ஆபத்து போனதும் இதெல்லாம் அடங்க வேண்டும். ஆபத்தே வீட்டுக்குள் இருந்தால் எப்போது அடங்கும்? அடுப்பை அணைக்காமல் விட்ட பாத்திரம் மாதிரி உடம்பு காய்ந்துகொண்டே இருக்கும். தூக்கம் கெடும், சர்க்கரையும் ஏறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி வந்தால் 'மனக்கஷ்டம்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள்.

கோவை, 34 வயது

எனக்கு இதெல்லாம் அப்பாவிடமிருந்து. "தண்டச்சோறு", "நீயெல்லாம் எதுக்குப் பொறந்தே" என்று தினமும் காதில் விழும். இப்போது அவர் உயிரோடு இல்லை. ஆனாலும் ஆபீஸில் மேனேஜர் கொஞ்சம் குரல் உயர்த்தினால் கை சில்லிட்டுப் போகிறது, தெரிந்த பதில்கூட வாயில் வராது. தாடைவலிக்குப் பல் டாக்டரிடம் போனபோதுதான் தூக்கத்தில் பல்லைக் கடித்துத் தேய்த்திருப்பது தெரிந்தது.

கவுன்சிலிங்கில் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் நடத்தி 1998-இல் வெளியிட்டது. சிறுவயதில் இந்த மாதிரி வசவு உட்படப் பலவகைக் கொடுமைகளைச் சேர்த்து அனுபவித்தவர்களுக்கு, வளர்ந்த பிறகு மனச்சோர்வு மட்டுமல்ல, இதயநோயும் கூடுதலாக இருந்ததாம். கேட்டதும் பயம்தான் வந்தது. ஆனால் 'நான் கோழை' என்ற நினைப்பு அன்றோடு போனது. தூக்கம் பரவாயில்லை, தாடை இன்னும் வலிக்கிறது.

புதிய உறுப்பினர்

எனக்கும் இதே கதைதான். ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போக? அடிக்காத புருஷன் மேல் யாரிடம் புகார் சொல்வது?

செவிலியர், மதுரைப் பக்கம்

சொல்லலாம் தங்கச்சி. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று இழிவாகப் பேசுவதும் அதில் அடக்கம். வீட்டை விட்டு வெளியேறினால்தான் புகார் கொடுக்க முடியும் என்பதில்லை, அந்த வீட்டில் தங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். மனசு விட்டுப் பேச மட்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

அவர் உங்கள் போனைப் பார்ப்பவராக இருந்தால் கூப்பிட்ட நம்பரை அழித்துவிடுங்கள். மருத்துவச் சீட்டுகளை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.