சின்ன ஹாஸ்கெல் வெப் ஃப்ரேம்வொர்க்கின் கமாண்ட் லைன் கருவி: ஜெனரேட்டரா, ரன் கட்டளையா, எதை முதலில் எடுப்பது?

பின்னல்_திருப்பூர்:

வணக்கங்க. திருப்பூரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வார்ப் என்ற வெப் சர்வருக்கு மேல் சின்னதாக ஒரு ஹாஸ்கெல் வெப் ஃப்ரேம்வொர்க் எழுதி வைத்திருக்கிறோம். டையிங் யூனிட்டுகளின் சலான், ஜாப் ஒர்க் பில், பீஸ் ரேட் சம்பளம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ரூட்டிங்கும் போஸ்ட்கிரெஸ் இணைப்பும் நன்றாகவே நிலைத்துவிட்டன, கமாண்ட் லைன் கருவிதான் பின்தங்கிக் கிடக்கிறது.

இப்போது அதில் நியூ, ஜெனரேட், ரன், மைக்ரேட் என்று கட்டளைகள் இருக்கின்றன. ரன் கட்டளை ஃபைல் மாறியதும் ஹாஸ்கெலின் பில்ட் கருவியான கேபலின் பில்டை முழுதாகக் கூப்பிட்டு, பழைய சர்வரை நிறுத்திப் புதியதைக் கிளப்புகிறது. டெம்ப்ளேட்டில் ஒரு வார்த்தை மாற்றினாலும் இதே கதைதான், பிரவுசரில் பார்க்க அரை நிமிஷம் ஆகிவிடும். சில சமயம் கண்ட்ரோல் சி அடித்து மறுபடி ஓட்டினால் 3000 போர்ட் வேறு யாரோ பிடித்திருப்பதாகச் சொல்கிறது.

புதிதாகச் சேர்ந்த பசங்க பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெல் பழகியவர்கள். அதன் கமாண்ட் லைன் கருவியான ஆர்ட்டிசன் மாதிரி கன்ட்ரோலர், மாடல், ஃபார்ம் எல்லாவற்றுக்கும் ஆரம்பக் கோடை எழுதித் தரும் ஜெனரேட்டர் வேண்டும் என்கிறார்கள். தீபாவளி போனஸ் கணக்கு வேலை ஆரம்பித்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதற்குள் ஒன்றைத்தான் உருப்படியாக முடிக்க முடியும். எதை எடுப்பது?

பவானிக்காரன்:

ரன்தான், யோசிக்கவே வேண்டாம். ஜெனரேட் கட்டளையை ஒருத்தர் வாரத்துக்கு ஒருமுறை தொட்டாலே அதிகம், ரன் காலையிலிருந்து சாயங்காலம் வரை டெர்மினலில் ஓடிக்கொண்டே இருப்பது.

முதலில் டெம்ப்ளேட்டை ஹாஸ்கெல் கம்பைலிலிருந்து பிரியுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபைல்-எம்பெட் பேக்கேஜ் வைத்து டெம்ப்ளேட்டை பைனரிக்குள் அடைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சர்வரில் ஏற்றும்போது அது அருமையான விஷயம், ஒரே ஃபைலைக் காப்பி பண்ணினால் போதும். ஆனால் டெவலப் பண்ணும்போது ஒவ்வொரு ரெக்வஸ்ட்டுக்கும் டிஸ்கிலிருந்தே படிக்கட்டும், கேபல் ஃப்ளாக் ஒன்றை வைத்து இரண்டுக்கும் மாறிக்கொள்ளலாம். யெசோட் என்ற ஹாஸ்கெல் ஃப்ரேம்வொர்க்கில் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் டெம்ப்ளேட்டுகளுக்கு இப்படி ரீலோட் வடிவம் தனியாக உண்டு. சலான் படிவத்தில் ஒரு கட்டத்தை நகர்த்த ஜிஎச்சி கம்பைலரை எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் ஹாஸ்கெல் கோடு மாறினால் கேபல் பில்டுக்குப் பதில் ஜிஎச்சியின் இன்டராக்டிவ் வடிவமான ஜிஎச்சிஐ உள்ளேயே ரீலோட் பண்ணுங்கள். நீல் மிட்செல் எழுதிய ஜிஎச்சிஐடி இதைத்தான் செய்கிறது: ஜிஎச்சிஐ-யைத் திறந்தே வைத்திருந்து, மாறிய மாட்யூலையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மறுபடி ஏற்றும். லிங்க் பண்ணும் வேலையே கிடையாது. கேபல் பில்டிலேயே நிற்க வேண்டும் என்றால் ஆப்டிமைசேஷனை பூஜ்யமாக்கி, பில்ட் டைரக்டரியையும் தனியாக வையுங்கள், இல்லையென்றால் ரிலீஸுக்கும் டெவலப்புக்கும் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து கம்பைல் ஆகும்.

பெருந்துறை_வாத்தியார்:

பவானிக்காரர் சொல்வது அனுபவசாலிக்குச் சரி. நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவன், அவர்கள் ஹாஸ்கெலை விட்டு ஓடுவது ரீலோட் தாமதத்தால் இல்லீங்க. புதிதாக ஒரு பக்கம் சேர்க்க மாட்யூல் எழுதி, ரூட்டில் ஒரு வரி போட்டு, கேபல் ஃபைலில் அதர் மாட்யூல்ஸ் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். கடைசியை மறந்தால் முதலில் ஒரு வார்னிங் வந்து ஓடிவிடும், அப்புறம் லிங்க்கர் ஏதோ அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் என்று பக்கம் பக்கமாகக் கத்தும். அதைப் பார்த்த பையன் அன்றோடு மூடிவைத்துவிடுகிறான். அதனால் ஜெனரேட்டரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள்.

பீளமேடு_அக்கா:

வாத்தியார் சொல்லும் வலி நிஜம், ஆனால் அதற்கு ஜெனரேட்டர்தான் மருந்து என்று நான் நினைக்கவில்லை. கேபல் ஃபைலைத் திருத்தும் கருவி எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கேபல் நூலகத்தின் பார்சரில் படித்துத் திரும்ப எழுதினால் நாம் போட்டு வைத்த கமெண்ட் எல்லாம் போய்விடும், ஸ்ட்ரிங்காக வெட்டி ஒட்டினால் யாராவது இன்டென்ட்டை மாற்றியதும் உடையும். கேபல் ஃபைலை உருவாக்கித் தரும் எச்பேக் கருவியைப் பயன்படுத்தினால் மாட்யூல் பட்டியலை அதுவே ஃபோல்டரைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும், பிரச்சினையே எழாது. ஹேண்ட்லர் (ஒரு பக்கத்துக்கு வரும் ரெக்வஸ்ட்டைக் கையாளும் ஃபங்ஷன்) சேர்க்க மட்டும் ஒரு கட்டளை வைத்துக்கொள்ளுங்கள், யெசோடில் ஆட்-ஹேண்ட்லர் இருக்கிறதே, அந்த அளவு போதும். ப்ராஜெக்ட் தொடங்குவதைக்கூட யெசோட் ஆட்கள் ஒரு கட்டத்தில் தங்கள் கருவியிலிருந்து எடுத்து ஸ்டேக் என்ற பில்ட் கருவியின் டெம்ப்ளேட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கருவி பேசும் விதம். போர்ட் பிடிபட்டிருந்தால் நெட்வொர்க் டாட் சாக்கெட் டாட் பைண்ட், ரிசோர்ஸ் பிஸி என்று எக்ஸெப்ஷனை அப்படியே கொட்டாமல், அதைப் பிடித்து "3000 போர்ட்டில் ஏற்கனவே ஒரு சர்வர் ஓடுகிறது, வேறு போர்ட்டில் கிளப்ப இப்படி அடியுங்கள்" என்று சொல்லட்டும். கட்டளை பாதியில் விழுந்தால் எக்ஸிட் கோடு பூஜ்யமாக இருக்கவே கூடாது, பிழைச் செய்தி ஸ்டாண்டர்ட் எரரில் போக வேண்டும்.

இன்னொன்று, நம் ஆட்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வது. டெம்ப்ளேட்டில் தமிழ் இருக்குமே, அதை டெக்ஸ்ட்டாகப் படித்தால் ஜிஎச்சி சிஸ்டத்தின் மொழி அமைப்பான லோக்கேலைப் பார்த்துத்தான் டிகோட் பண்ணும். உங்கள் உபுண்டு மெஷினில் யூடிஎஃப்-8 இருப்பதால் ஓடும். லாங் வேரியபிள் செட் பண்ணாத சிஸ்டம்டி சர்வீஸிலோ கண்டெய்னரிலோ ஏற்றினால் "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்" என்று ஒரே வரியில் செத்துவிழும், எந்த ஃபைலில் எந்த எழுத்து என்பதெல்லாம் புதியவர்களுக்குப் பிடிபடாது. மெயினின் முதல் வரியிலேயே செட்-லோக்கேல்-என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள், அல்லது பைட்ஸ்ட்ரிங்காகப் படித்து நீங்களே டிகோட் பண்ணுங்கள். நியூ கட்டளை உருவாக்கும் மெயின் ஃபைலிலும் இந்த வரி இருக்கட்டும்.

பின்னல்_திருப்பூர்:

அக்கா, அந்த லோக்கேல் விஷயம் எங்களுக்கு நடந்தே இருக்கிறது, பார்ட்டி பெயர் தமிழில் வந்த சலானில் மட்டும். ரொம்ப நன்றி. பவானி அண்ணா, ஜிஎச்சிஐ-யில் ஒவ்வொரு ரீலோடுக்கும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலைப் புதிதாகத் திறக்க வேண்டியிருக்குமே, அதை என்ன செய்வது?

பவானிக்காரன்:

ஃபாரின்-ஸ்டோர் என்று ஒரு சின்ன பேக்கேஜ் இருக்கிறது தம்பி. ரீலோட் ஆகும்போது டாப் லெவல் மதிப்புகள் அழிந்துபோகும், இதில் போட்டு வைத்தது மட்டும் நிற்கும். ஒரு எச்சரிக்கை: உள்ளே வைத்த மதிப்பின் டைப்பை நீங்கள் மாற்றிவிட்டுப் பழையதை எடுத்தால் கம்பைலர் தடுக்காது, புரோகிராம் கண்டபடி விழும். அதனால் பூல், சர்வர் த்ரெட் ஐடி மாதிரி மாறாத விஷயங்களை மட்டும் வையுங்கள்.

ஆனைமலை_அடிவாரம்:

போர்ட் விஷயத்தை யாரும் வேர் வரை போகவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் கருவி கேபலைக் கிளப்புகிறது, கேபல் ஆப்பைக் கிளப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினேட் ப்ராசஸ் கூப்பிட்டால் சிக்னல் நேர் பிள்ளையான கேபலுக்குத்தான் போகும். பேரன் உயிரோடு போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ப்ராசஸ் உருவாக்கும்போது கிரியேட் குரூப்பை ட்ரூ ஆக்கி, நிறுத்தும்போது குழு முழுவதற்கும் இன்டரப்ட் அனுப்புங்கள். அப்படிச் செய்தால் கீபோர்டில் அடிக்கும் கண்ட்ரோல் சி பிள்ளைகளுக்குத் தானாகப் போகாது, உங்கள் கருவியே பிடித்துக் கைமாற்ற வேண்டும்.

பைப் வழியாக ஆப்பின் வெளியீட்டை வாங்கிக் காட்டுகிறீர்கள் என்றால் ஸ்டாண்டர்ட் அவுட்டை லைன் பஃபரிங்குக்கு மாற்றுங்கள். டெர்மினல் இல்லாத இடத்தில் ஹாஸ்கெல் மொத்தமாகச் சேர்த்து வைத்துத்தான் எழுதும், லாக் வராமல் சர்வர் தொங்கிவிட்டது என்று பசங்க நினைப்பார்கள். ஃபைலைக் கவனிப்பதிலும் ஒன்று: விம் மாதிரி எடிட்டர்கள் புதிய ஃபைல் எழுதிப் பெயர் மாற்றி வைப்பது உண்டு, அதனால் தனி ஃபைலைக் கவனிக்காமல் டைரக்டரியைக் கவனியுங்கள்.

பின்னல்_திருப்பூர்:

சரிங்க, முடிவு பண்ணிவிட்டேன். டெம்ப்ளேட்டை டிஸ்கிலிருந்து படிப்பதும் ப்ராசஸ் குரூப்பும் இந்த வாரமே. ஜிஎச்சிஐ ரீலோட் அதற்கடுத்து. எச்பேக்குக்கு மாறிவிட்டு ஹேண்ட்லர் கட்டளை ஒன்றை மட்டும் வைத்து, மற்ற ஜெனரேட்டர்களை எடுத்துவிடுகிறேன், பசங்களிடம் நானே பேசிக்கொள்கிறேன். எங்களிடம் எல்லாமே உபுண்டு, விண்டோஸில் யாராவது ஓட்டிப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.

பெருந்துறை_வாத்தியார்:

எங்கள் லேப் முழுக்க விண்டோஸ்தான், அனுப்புங்கள் தம்பி, நான் பார்க்கிறேன். குழுவுக்கு இன்டரப்ட் அனுப்புவது அங்கே கண்ட்ரோல் பிரேக்காகப் போகும், அதை மட்டும் தனியாகச் சோதித்துச் சொல்கிறேன்.