செப்டம்பர் 21 அமைதி நாள் கூட்டம்: ஹோங் லிம் பூங்காவா, உள்ளரங்கமா?

தேக்கா வாசகி:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் செப்டம்பர் 21, அனைத்துலக அமைதி நாளன்று ஒரு நிகழ்ச்சி நடத்த நினைக்கிறது. 40 பேர் வரலாம். பாதிப்பேர் நிரந்தரவாசிகள், சிலர் வேலை அனுமதியில் இருப்பவர்கள். சிங்கப்பூர் ஹோங் லிம் பூங்காவில் அட்டை பிடித்து நின்று போர் வேண்டாம் என்று சொல்வது, சென்னையிலிருந்து ஒருவரை ஸூமில் பேச வைப்பது, உண்டியல் வைத்துப் போர் அகதிகளுக்குப் பணம் அனுப்புவது என்று மூன்று யோசனைகள். எது சரிப்படும்?

சட்டப்புள்ளி:
மூன்றிலும் சிக்கல் இருக்கிறது. முதலில் பூங்கா. அங்குள்ள பேச்சாளர் சதுக்கத்தில் குடிமக்கள் காவல்துறை அனுமதி இல்லாமல் கூட்டம் நடத்தலாம், தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தில் முன்பதிவு செய்தால் போதும். ஏற்பாட்டாளர் குடிமகனாகத்தான் இருக்கவேண்டும். நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம், வெளிநாட்டவர் கலந்துகொள்ளக் கூடாது. அதாவது உங்கள் வேலை அனுமதிக்காரர்கள் வெளியே. சமயம், இனப்பகை பக்கம் பேச்சு போகக்கூடாது. இன்னொன்று, 2023 அக்டோபரில் இஸ்ரேல்-ஹமாஸ் போர் பற்றிய விண்ணப்பங்களை அந்தச் சதுக்கத்திலும் ஏற்க மாட்டோம் என்று காவல்துறையும் கழகமும் அறிவித்தன. பதிவில் 'உலக அமைதி' என்று எழுதிவிட்டு மேடையில் அந்தப் போரைப் பற்றிப் பேசினால் மாட்டிக்கொள்வீர்கள்.

வேறு எந்தப் பொது இடத்திலும் ஒரே ஒரு ஆள் அட்டை பிடித்து நின்றால்கூட 2009 பொது ஒழுங்குச் சட்டப்படி அது 'கூட்டம்'தான், காவல்துறை அனுமதி வேண்டும். 'நான் தனியாள்தானே' என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளமும் பொது இடமே.

உள்ளரங்கம் உங்களுக்குப் பொருந்தும்: ஏற்பாட்டாளரும் பேச்சாளர்கள் எல்லாரும் குடிமக்கள், ஏற்பாட்டாளர் கூடவே இருக்கிறார், பேச்சு இனம் சமயத்தைத் தொடவில்லை என்றால் அனுமதி பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. வெளிநாட்டவர் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் சென்னைப் பேச்சாளர் நேரில் வந்தாலும் ஸூமில் வந்தாலும் ஒன்றுதான், அனுமதி வேண்டும். 2016-இல் காணொளி வழியாக வெளிநாட்டவர் பேசிய உள்ளரங்கக் கூட்டம் ஒன்று வழக்காகி, ஏற்பாட்டாளருக்கு அபராதம் விழுந்தது.

உண்டியலை விட்டுவிடுங்கள். வெளிநாட்டு அறப்பணிக்கு இங்கே பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரிடம் அனுமதி பெறவேண்டும். அதோடு, நிகரத் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாகவேண்டும் என்பது பொது விதி. மனிதாபிமான நிவாரணத்துக்குத் தளர்வு உண்டு, அதையும் கேட்டு வாங்கவேண்டும். சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் நிதி திரட்டும்போது அதன் பக்கத்தைக் காட்டி, அவரவரே நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மலாக்கா நீரிணை:
இடம் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன பேசப்போகிறீர்கள்? புறாப் படம், மெழுகுவத்தி, 'அன்பே சிவம்' என்று ஒன்றரை மணிநேரம் போனால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. ஒரு போர் எப்படி நின்றது என்பதை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டுங்கள். அதற்கு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தைச் சொல்வேன், நம் பக்கத்து வீடு.

2005 ஆகஸ்ட் 15, இந்தோனேசிய அரசுக்கும் தனிநாடு கேட்டுப் போரிட்ட அச்சே சுதந்திர இயக்கத்துக்கும் இடையிலான ஹெல்சிங்கி உடன்பாடு. சில பக்கங்கள்தான், இணையத்தில் கிடைக்கும். ஆறு ஆறு பேராகக் குழு பிரித்து, குழுவுக்கு ஒரு பிரிவு கொடுங்கள். கேள்வி ஒன்றே: 'நாளைக்கே யாராவது இதை மீறினால் யாரிடம் போவது?' இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. பதிலுக்கு உள்ளூர்க் கட்சிகள், இயற்கை வள வருமானத்தில் 70 விழுக்காடு. ஒப்படைக்க வேண்டிய ஆயுதம் 840, மாகாணத்தில் தங்கக்கூடிய அரசுப் படைவீரர் 14,700 என்று எண் போட்டே எழுதினார்கள். ஆயுதம் வருவதும் படை கிளம்புவதும் நான்கு கட்டமாக, ஒன்றுக்கு ஒன்று ஈடாக நடந்தன. கண்காணித்தது ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து ஆசியான் நாடுகளும், அதில் சிங்கப்பூரும் உண்டு. தகராறு வந்தால் கண்காணிப்புத் தலைவரின் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

இதன் பக்கத்தில் 2002 பிப்ரவரி இலங்கைப் போர்நிறுத்த உடன்பாட்டை வையுங்கள். அங்கே நார்டிக் (வட ஐரோப்பிய) நாடுகளின் கண்காணிப்பாளர்கள் 'இது மீறல்' என்று சொல்லலாம், அதற்குமேல் கையில் ஒன்றும் இல்லை. அரசியல் தீர்வு பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும் ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர்கள் விலகவேண்டி வந்தது. நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. 2008 ஜனவரியில் உடன்பாடே முடிந்தது.

கரையோரம்:
ஒப்பீடு நல்லதுதான், ஆனால் உடன்பாட்டின் எழுத்து மட்டுமே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை இரண்டு இடத்தையும் அடித்தது. அச்சேயில் இரு தரப்பும் அதற்குப்பின் மேசைக்கு வேகமாக வந்தன. இலங்கையில் நிவாரணத்தைப் பகிரும் ஏற்பாடு 2005 ஜூனில் கையெழுத்தாகி, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தில் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை வந்தது. தவிர, அச்சேயிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உடன்பாடு சொன்ன உண்மை ஆணையம் அமைய 2016 ஆயிற்று. அந்தக் குறையையும் கூட்டத்தில் சொன்னால்தான் நேர்மை.

இலங்கையைப் பேசும்போது உடன்பாடு எப்படி இயங்கியது என்பதோடு நின்றுகொள்ளுங்கள். எந்த இனம் செய்தது சரி என்ற விவாதம் தொடங்கினால், மேலே சொன்ன விலக்கே கேள்விக்குறியாகும்.

தேக்கா வாசகி:
நன்றி. உள்ளரங்கம், அச்சே, உண்டியல் இல்லை. கடைசியில் எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுக்கலாமா?

சட்டப்புள்ளி:
நாடாளுமன்ற மனுவை ஓர் உறுப்பினர்தான் தாக்கல் செய்ய முடியும். அதைவிடச் சுலபம், மக்கள் சந்திப்பில் உங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்த்து ஒரு கேள்வியை எழுப்பச் சொல்வது. 'உலகில் அமைதி நிலவ அரசு என்ன செய்கிறது' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: 2017 ஜூலை 7 அன்று அணுவாயுதத் தடை உடன்படிக்கைக்கு ஐ.நா.வில் 122 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, நெதர்லாந்து எதிர்த்தது, வாக்கெடுப்பில் கலந்துகொண்டவற்றில் சிங்கப்பூர் ஒன்றுதான் நடுநிலை வகித்தது. தென்கிழக்காசியாவை அணுவாயுதமற்ற வட்டாரமாக்கும் 1995 பாங்காக் உடன்படிக்கையில் நாம் இருக்கிறோம். 2017-இல் எடுத்த நிலை இன்றும் மாறவில்லையா, ஏன்? ஒரே பக்கம், ஒரே கேள்வி.

மலாக்கா நீரிணை:
ஒன்று விட்டுப்போயிற்று: பெயர் அட்டையிலோ பதாகையிலோ எந்த நாட்டுக் கொடியும் வேண்டாம். பிற நாட்டுத் தேசியச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இருக்கிறது.