ஒரே வகுப்பறை, வெவ்வேறு வீடுகள்: மதிப்பெண் இடைவெளி எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
வணக்கம். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். ஒரே பாடத்தை எல்லோருக்கும் ஒன்றாகவே நடத்தினாலும், திருத்திய விடைத்தாள்களை அடுக்கும்போது மேலே இருப்பவை பெரும்பாலும் படித்த, வசதியுள்ள பெற்றோரின் பிள்ளைகளுடையவையாகவும் அடியில் இருப்பவை கூலி வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகளுடையவையாகவும் அமைவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்களைச் சுட்டி, "அவர்களுக்கே அக்கறை இல்லை, நாம் என்ன செய்வது?" என்று சக ஆசிரியர்கள் பேச்சை முடித்துவிடுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. வருமானமா, பெற்றோரின் படிப்பா, வீட்டுச் சூழலா, எது பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கிறது?

பதில் 1:
இவற்றைத் தனித்தனியே பிரிப்பது கடினம்; குறைந்த வருமானம், இடநெருக்கடி, அடிக்கடி வீடு மாறுதல், தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பு ஆகியவை பல நேரங்களில் ஒரே பிள்ளையின் தலையில்தான் விழுகின்றன. 1966இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழு வெளியிட்ட அறிக்கை, 6 லட்சம் அளவிலான மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்து, பள்ளிகளுக்கிடையே உள்ள வசதி வேறுபாடுகளைவிடக் குடும்பப் பின்னணியே தேர்ச்சியோடு வலுவாகத் தொடர்புடையது என்றது. பள்ளியால் பயனில்லை என்று அதைப் படித்தவர்கள் உண்டு. ஆனால் நல்ல ஆசிரியரால் கூடுதலாகப் பயன்பெறுபவர்கள் பின்தங்கிய பிள்ளைகளே என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

கூட்டத்துக்கு வராததை அக்கறையின்மை என்று கொள்ள வேண்டாம். நாட்கூலி பெறுபவருக்கு அது ஒரு நாள் ஊதியம். பள்ளியில் தாமே அவமானப்பட்டு வெளியேறியவருக்கு அந்த வாசலை மிதிப்பதே பெரும் பாடு.

பதில் 2:
மொழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் இடையே, காதில் விழும் சொற்களில் சில ஆண்டுகளுக்குள் 3 கோடி வேறுபாடு வருவதாக 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று மதிப்பிட்டது. அது 42 குடும்பங்களை மட்டும் வைத்துக் கட்டிய கணக்கு. வீட்டிலுள்ள மற்றவர்களின் பேச்சை அது போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்ற விமர்சனமும் உண்டு. எனவே ஏழை வீடுகளில் பேச்சே குறைவு என்று சொல்ல நான் தயங்குவேன். அங்கே புழங்கும் மொழி பாடநூலின் மொழி அல்ல என்பதுதான் சிக்கல். கணக்கு தெரிந்த பிள்ளையும், "எனில்", "முறையே" போன்ற சொற்களில் இடறி, கேள்வியே புரியாமல் தாளை வெறுமையாக விட்டுவிடலாம்.

பதில் 3:
மதிப்பெண்ணோடு இந்தக் கதை முடிவதில்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் ரேமோன் பூதோன் 1974இல் இரண்டு விளைவுகளைப் பிரித்துக் காட்டினார்: வீட்டுச் சூழல் தேர்ச்சியைப் பாதிப்பது ஒன்று, தேர்ச்சி சமமாக இருந்தபோதும் அடுத்து என்ன படிப்பது என்ற முடிவு வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது மற்றொன்று. வசதியுள்ள வீட்டில் ஒரு பிள்ளை தவறினால் மறுபடியும் எழுதலாம், வேறு படிப்புக்கு மாறலாம். ஒற்றை ஊதியத்தில் ஓடும் வீட்டில் ஒரு தோல்வி என்பது கடன். தம்பியின் படிப்பும் நின்றுபோகலாம். அந்த வீட்டுப் பிள்ளை நீண்ட படிப்பைத் தவிர்த்துவிட்டு விரைவில் வேலை தரும் குறுகிய படிப்பைத் தேர்ந்தெடுத்தால், அது ஆசையின்மை அல்ல. தன் வீட்டின் நிலையை நன்கு அறிந்து போட்ட கணக்கு. அத்தகைய பிள்ளைக்கு "பெரிதாகக் கனவு காண்" என்ற அறிவுரையைவிட, உதவித்தொகை எந்த மாதம் கைக்கு வரும் என்ற தகவல் பெரிது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கடைசிப் பதிலைப் படித்ததும் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். கணக்கில் 90க்கு மேல் வாங்கியும் மேல்நிலை வகுப்பில் சேராமல் போன ஒரு மாணவியின் பெயருக்கு எதிரே "ஆர்வம் இல்லை" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஏன் சேரவில்லை என்று அவளிடம் நான் கேட்கவே இல்லை.