ஆஸ்பராகஸ் ஃபெர்ன் உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது?

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வரவேற்பில் வந்த பொக்கேயைப் பிரித்தபோதுதான் இந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ரோஜாவெல்லாம் தலை தொங்கிவிட்டது. பின்னால் செருகியிருந்த இந்தப் பச்சை மட்டும் அப்படியே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு கிளை முழுவதும் தட்டையாக ஒரே தளத்தில் விரிந்திருந்தது. மயிரிழை போன்ற நுண்ணிய ஊசிகள். அந்த வாரமே நர்சரிக்குப் போய் 6 அங்குலத் தொட்டியில் ஒன்று வாங்கி வந்தேன்.

சென்னையில் இரண்டாவது மாடி, வடக்குப் பார்த்த ஜன்னல். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் ஏப்ரலில் அதைப் பால்கனிக் கண்ணாடி ஓரம் நகர்த்தி வைத்தேன். மதிய வெயில் நேராக விழும் இடம். அப்புறம் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது செடி மொத்தமும் மஞ்சள். தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. தரையில் கோதுமைத் தவிடு சிந்தினாற்போல் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடவே வந்திருந்த அம்மாதான் மொட்டைக் குச்சிகளை ஒதுக்கப் போய் விரலில் குத்திக்கொண்டார்.

“இதென்னடி, தண்ணிவிட்டான் கொடி மாதிரி முள்ளு வச்சிருக்கு?”

அம்மா வளர்ந்தது சிறுமலைப் பக்கம். தண்ணீர்விட்டான் கொடியை வேலியோரம் பார்த்தே பழக்கம். “அது வெயில்ல மேல காஞ்சு போவும். அடியில உசிரு இருக்கும். மழை பெஞ்சா திரும்ப வரும். தூக்கிப் போடாத, அறுத்து விடு” என்றார்.

பிறகுதான் தேடிப் படித்தேன். அம்மா சொன்னது அப்படியே உண்மை. சித்த மருத்துவத்தில் வரும் தண்ணீர்விட்டான் கிழங்கு, அதாவது சதாவரி, தாவரவியல் பெயரில் அஸ்பாரகஸ் ரெசிமோசஸ். நம் தொட்டியில் இருப்பது அஸ்பாரகஸ் செட்டேசியஸ், தென்னாப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தானாக வளர்வது. இரண்டும் ஒரே பேரினம். பெயரில்தான் ஃபெர்ன், பெரணிக்கும் இதற்கும் உறவே கிடையாது. பெரணி வித்துத்தூளால் பெருகும். இது பூத்துக் காய்க்கும். நாம் இலை என்று நினைக்கும் அந்த மெல்லிய ஊசிகள் உண்மையில் தண்டின் மாற்றுருவம். நிஜ இலை சின்னஞ்சிறு செதிலாகச் சுருங்கிவிட்டது. தண்டில் குத்துகிற முள்கூட அதிலிருந்து வந்ததுதான். பெரணி என்று நம்பி மண்ணை எப்போதும் சொதசொதவென்று வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் வேர் அழுகிவிடும்.

அம்மா சொன்னபடி மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை மட்டும் விட்டு எல்லாவற்றையும் வெட்டினேன். தொட்டியை மறுபடி வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பத்தொன்பதாம் நாள் காலையில் ஒரு முளை! ஊதுபத்திக் குச்சி கனம், ஊதா கலந்த பச்சை, உடம்பெல்லாம் செதில், கூம்பிய நுனி. காய்கறிக் கடையில் கட்டாக விற்கும் ஆஸ்பராகஸ் தண்டின் குட்டி உருவம் அது. சில நாள் வெறும் குச்சியாகவே உயர்ந்தது. பிறகு பக்கவாட்டில் ஒவ்வொரு அடுக்காகப் பிரிந்தது.

செடி மொட்டையாகிவிட்டது என்று தூக்கிப் போட இருக்கும் யாராவது இதைப் படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

*

நான் குன்னூர். எங்கள் வீட்டில் இருப்பது ஸ்ப்ரெங்கேரி என்கிற வகை. இது அடுக்காக விரியாது, நீளமாக வளைந்து தொங்கும். ஊசியும் கொஞ்சம் தடிமன். அதனால் தொங்குதொட்டிக்கு இதுதான் சரி. குளிர் ஊர் என்பதால் எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை.

ஆனால் மூன்றாம் வருடம் மண்தொட்டி நடுவில் விரிசல் விட்டது. உடைத்துப் பார்த்தால் மண்ணே இல்லை என்று சொல்லலாம். அத்தனையும் வேர், நடுநடுவே கோலிக்குண்டு அளவில் வெளிர்நிறக் கிழங்குகள். ஒன்றை நகத்தால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி தாக்குப்பிடிக்கும் ரகசியம் தெரிந்தது. பழைய ரம்பக் கத்தியால் மூன்று துண்டாக அறுத்து, செம்மண், நார்த்தூள், மண்புழு உரம் சமமாகக் கலந்து நட்டேன். மூன்றும் பிழைத்தன. நடும்போது தொட்டியின் மேல்விளிம்பில் இரண்டு அங்குலம் காலி விடுங்கள். வேர் பெருத்ததும் மண்ணை மேலே தூக்கும், அப்போது ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் வழிந்து வெளியே போய்விடும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்ப்ரெங்கேரியில் சிவப்புச் சிவப்பாகப் பழம் வரும், அழகாக இருக்கும். எங்கள் நாய்க்குட்டி கீழே விழுந்த பழங்களைத் தின்றுவிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்தது. கால்நடை மருத்துவர் பார்த்தார், மறுநாள் சரியாகிவிட்டது. அந்த ஒரு இரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. நாய், பூனைக்கு இந்தச் செடியே ஆகாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும் உயரத்தில் மாட்டுங்கள், காய் பிடித்தவுடன் கிள்ளிவிடுங்கள். வெட்டும்போது கையுறை போடுவது நல்லது. சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

*

பதினோரு வருடமாகக் கோவையில் மேடை அலங்காரம் செய்கிறேன். கட்டுக்கட்டாக இந்த இலை என் கையில் புழங்குகிறது. வீட்டில் எப்படி வைப்பது என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

மெல்லிறகு மாதிரியான செட்டேசியஸ் செடியைத் தரையில் வைக்காதீர்கள். மேலிருந்து பார்த்தால் வெறும் பச்சைக் குவியல்தான் தெரியும். அதன் அழகு அடுக்கில் இருக்கிறது. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரம், ஒரு பழைய முக்காலியோ புத்தக அலமாரியின் நடுத்தட்டோ போதும். பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கட்டும். சாயங்காலம் பக்கத்தில் ஒரு சிறிய விளக்கு ஏற்றிப் பாருங்கள், சுவரில் விழும் நிழல் செடியைவிடப் பெரிதாக, மலைக்காட்டு மரம் மாதிரி நிற்கும். என் வீட்டில் பாட்டியின் பித்தளைக் குண்டானுக்குள் பிளாஸ்டிக் தொட்டியோடு இறக்கியிருக்கிறேன். அடியில் இரண்டு கூழாங்கல். தண்ணீர் ஊற்றிய அரைமணி கழித்துத் தொட்டியைத் தூக்கி, தேங்கியதைக் கொட்டிவிடுவேன். பித்தளையின் மஞ்சளும் இந்தப் பச்சையும் சேர்ந்தால் பக்கத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

அடர்த்தியான புதராக்க ஆசைப்பட்டு நுனியை எல்லாம் கத்தரித்து உருண்டையாக்குகிறார்கள், எனக்கு மனசு வலிக்கும். நுனி போன தண்டு அதற்கு மேல் நீளாது. மஞ்சளான தண்டை அடியோடு வெட்டுங்கள். அந்த இடத்தில் புதிது வரும்.

*

எங்கள் அலுவலகத்தில் ஏசி நேராகப் படும் மேசையில் வைத்திருந்தேன், ஒரு மாதத்தில் நுனியெல்லாம் பழுப்பு. உற்றுப் பார்த்தபோது ஊசிகளுக்கு நடுவே நூலாம்படை மாதிரி மெல்லிய வலை, செம்பேன் என்கிற மிகச் சிறிய பேன் கட்டியது. குளியலறையில் ஷவரில் நன்றாகக் கழுவி, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் கரைசல் தெளித்து மீட்டேன். ஒரு சந்தேகம். திடீரென்று நடுவிலிருந்து ஒரு தண்டு மட்டும் மூன்றடிக்கு மேல் நீண்டு ஆடுகிறது, இலையே இல்லை. வெட்டிவிடலாமா?

*

முதலில் எழுதிய நான்தான். வெட்டாதீர்கள். செட்டேசியஸ் வயதானால் கொடியாகும், அதன் இயல்பே அதுதான். உயர்ந்து முடித்த பிறகு பக்கக்கிளை விடும். எனக்கும் போன ஆடியில் அப்படி ஒன்று வந்தது. பூத்தொடுக்கும் நூலால் தளர்வாக ஜன்னல் கம்பியில் கட்டினேன், இப்போது மேல்கம்பியைத் தாண்டி அடுக்கு அடுக்காக விரிந்திருக்கிறது. இடம் இல்லையென்றால் மட்டும் அடியோடு எடுங்கள்.

பொங்கலுக்கு அம்மா வந்தபோது ஊர்வேலியிலிருந்து தண்ணீர்விட்டான் வேரை ஒரு கொத்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். பக்கத்துத் தொட்டியில் அவர் கையாலேயே நட்டுவிட்டுப் போனார். இரண்டு மாதம் ஒன்றுமே தெரியவில்லை. நேற்று தண்ணீர் ஊற்றும்போது மண்ணை விலக்கிக்கொண்டு ஒரு முளை நிற்கிறது, அதே செதில், அதே கூம்பிய நுனி. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். “வெயில்ல வைக்கலாம் அதை, உன் ஜன்னல் செடி மாதிரி இல்ல” என்று பதில் வந்தது. இன்று காலையில் பால்கனிக்கு மாற்றிவிட்டேன்.